விறகு வண்டியில் வந்த குடும்பம்

2017 ஆம் ஆண்டு கோடையில் எங்களுக்கு முதல்முறையாக ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் ஒப்பந்தம் கிடைத்தது. செய்யாற்றில் மாமனார் தொடங்கிய கல்யாணச் சமையல் தொழிலை நானும் கணவரும் நடத்திவருகிறோம். நிரந்தரமாக ஆறு பேர், முகூர்த்த நாளென்றால் நாற்பது பேர் வரை வேலை செய்வார்கள். ஆடியிலும் மார்கழியிலும்கூட பணம் வரும் வேலை என்பதால் அந்த ஒப்பந்தம் எங்களுக்குப் பெரிய ஆறுதல். கையெழுத்துக்காக வந்த காகிதக் கட்டில் ஒரு படிவம் இருந்தது. உங்களிடமோ உங்களுக்குப் பொருள் தருபவர்களிடமோ கட்டாய உழைப்பு, கொத்தடிமை முறை, குழந்தைத் தொழிலாளர் உண்டா என்ற கேள்விகள். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு அப்போது இல்லை. "நவீன அடிமைமுறை" என்ற சொல்லை அந்தப் படிவத்தில்தான் முதலில் பார்த்தேன். பிரிட்டன் 2015 இல் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குப் பொருள் வரும் வழியிலும் அடிமைமுறை நுழையாமலிருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலை, அந்தத் தொழிற்சாலைக்குச் சோறு போடும் நான் என்று அந்தக் கேள்வி படிப்படியாக இறங்கி என் மேசைக்கு வந்திருந்தது. எனக்குக் கீழேயும் படிகள் உண்டு என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆவணியில் ஒரு முகூர்த்தம். முதல் நாள் மாலை பெய்த மழையில் மண்டபத்தின் பின்புறம் அடுக்கியிருந்த விறகு முழுவதும் நனைந்துவிட்டது. கேஸ் அடுப்புகள் இருந்தாலும் ஆயிரம் பேருக்குச் சோறு வடிப்பதற்குக் கோட்டை அடுப்புதான் எங்களுக்குத் தோது. வழக்கமான விறகுக்காரருக்குப் போன் செய்தேன். இரவு பதினொரு மணிக்குச் சிறிய லாரியில் காய்ந்த சவுக்குக் கட்டைகள் வந்து சேர்ந்தன. இறக்குவதற்கு ஓட்டுநருடன் ஒரு கணவன், மனைவி, பத்து வயதுக்கு மேல் இருக்க முடியாத ஒரு பையன். மூவரும் தலைச்சுமையாக இறக்கினார்கள். பையனுடைய தலையில் சும்மாடு கூட இல்லை.

மாப்பிள்ளை அழைப்புப் பந்தி முடிந்திருந்தது. மூவரையும் உட்காரவைத்து இலை போட்டேன். அந்தப் பெண் நிமிரவே இல்லை. பையன் சாப்பிட்டு முடித்துவிட்டு, ஆயாவுக்குக் கொஞ்சம் எடுத்துப் போகலாமா என்று கேட்டான். ஆயாவையும் கூட்டிவந்திருக்கலாமே என்றேன். "ஆயா அங்கேதான் இருக்க வேண்டும்" என்றான். வயதானவர், நடக்க முடியாதவர் என்று நானாகவே நினைத்துக்கொண்டு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மரம் வெட்டும் இடத்திலிருந்து குடும்பத்தோடு வெளியே அனுப்பினால் ஒருவரையாவது பிடித்து வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் திரும்பி வருவதற்கு அதுதான் பிணை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்று பாத்திரம் தேய்க்கும் ஆட்களில் ஒருவர் வரவில்லை. அந்தப் பெண்ணிடம், நாளைக்கு ஒரு நாள் இங்கேயே இருந்து உதவுகிறாயா அம்மா, ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்றேன். அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் ஓட்டுநரைப் பார்த்தான். ஓட்டுநர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓனர் விடமாட்டார் அக்கா" என்றான் அந்தக் கணவன்.

"ஒரு நாள்தானே?"

"கணக்கு இருக்கிறது அக்கா."

எவ்வளவு கணக்கு என்று கேட்டேன். வாங்கியது பதினைந்தாயிரம், அப்பாவின் வைத்தியத்துக்கு. இப்போது எவ்வளவு நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது. நோட்டு ஓனரிடம் இருக்கிறது. எப்போது வாங்கினாய் என்றதற்கு, பையனைக் காட்டி, "இவன் தவழ்ந்துகொண்டிருந்தான்" என்றான்.

இந்த இடத்தில் நான் ஏதாவது செய்தேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். விடிந்தால் முகூர்த்தம், வரவேண்டிய பால் வரவில்லை, தலைமைச் சமையல்காரருக்குக் காய்ச்சல். லாரி புறப்பட்டுப் போனது. கல்யாணம் முடிந்தது. பிறகும் அந்த விறகுக்காரரிடம்தான் வாங்கினேன். மற்றவர்களைவிட டன்னுக்கு நானூறு ரூபாய் குறைவாகத் தந்தார், கூப்பிட்ட நேரத்தில் அனுப்பினார். அந்தக் குடும்பம் மறுபடி வண்டியில் வரவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். நான் கேட்கவில்லை.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறை அதிகாரிகள் மீட்டார்கள். எல்லோரும் இருளர் பழங்குடியினர். அவர்களில் ஒரு முதியவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழும் புகைப்படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊருக்கு ஆறு தாண்டினால் காஞ்சிபுரம் மாவட்டம். அந்தப் பையனுடைய முகத்தை அந்தப் படத்தில் தேடினேன். அவன் இல்லை. அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் பழையது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976 பிப்ரவரி 9 ஆம் தேதி கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமாக நிறைவேறியது. அந்தத் தேதியில்தான் இன்றும் நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். சட்டத்தைப் படித்தபோது என்னை உலுக்கியது அதன் வரையறை. சங்கிலி வேண்டாம், அடி உதை வேண்டாம், பூட்டிய கதவு வேண்டாம். முன்பணமோ கடனோ வாங்கியதற்காக ஒருவர் உழைக்கிறார், அதனால் பின்வரும் நான்கில் ஏதேனும் ஒன்றை இழக்கிறார் என்றால் போதும்: உரிய கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் உழைப்பையோ விளைச்சலையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நான்கும் சேர்ந்து போக வேண்டியதில்லை, ஒன்று போனாலே அது கொத்தடிமை. அந்தக் கடன் சட்டப்படி அந்த நிமிடமே ஒழிந்துபோகிறது. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவர் தலையில்தான்.

டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகள் நடந்தபோது தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1982 இல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, அரசியல் சட்டத்தின் 23 ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பும் அடங்கும் என்றது. அவரே ஒப்புக்கொண்டுதானே வந்தார் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமையும் ஒருவரைத் தள்ளினால் அதுவும் கட்டாயம்தான் என்றது நீதிமன்றம். "யாரும் அவர்களைக் கட்டிப்போடவில்லையே, விருப்பப்பட்டுத்தானே வேலை செய்கிறார்கள்" என்று எங்கள் வட்டாரத்தில் எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! அதற்குப் பதில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஏன் பெரும்பாலும் இருளர்களே இதில் சிக்குகிறார்கள் என்ற கேள்வி எனக்கு இருந்தது. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நான்கைந்து குடிசைகளாகச் சிதறி வாழ்பவர்கள் அவர்கள். நிலம் கிடையாது. பாம்பும் எலியும் பிடித்துப் பிழைத்தவர்களுக்கு, 1972 இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் போய்விட்டது. சாதிச் சான்றிதழ் வாங்க ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்கள் இன்றும் உண்டு. சான்றிதழ் இல்லாதவனுக்கு வங்கிக் கடன் எட்டாத தூரம். திடீரென்று ஒரு மருத்துவச் செலவோ சாவோ வந்தால் கையில் பணம் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்பவர் மரம் வெட்டும் மேஸ்திரியோ சூளைக்காரரோ அரிசி ஆலைக்காரரோதான். அந்த நேரத்தில் அவர் தெய்வமாகத் தெரிவார். அது பொய்யான நன்றியும் இல்லை. அந்தப் பணத்தில்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

இனி விலை. இதைப் பற்றி எழுதுபவர்கள் முதலாளியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாங்குகிறவளான என்னைப் பற்றி நானே எழுதினால்தான் உண்டு. ஒரு டன் சவுக்கை வெட்டி, பிளந்து, அடுக்கி, வண்டியில் ஏற்றி, இறக்க எத்தனை ஆள்நாள் ஆகும் என்று ஒருநாள் தோப்பு வைத்திருக்கும் உறவினரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மரத்தின் விலையை வைத்தோம். வண்டி வாடகையை வைத்தோம். எங்கள் பக்கத்து ஆண் கூலி, பெண் கூலியை வைத்தோம். எப்படிக் கூட்டினாலும் நான் கொடுத்துக்கொண்டிருந்த விலைக்கு அந்த விறகு வந்திருக்கவே முடியாது. அந்த நானூறு ரூபாய் யாருடைய சட்டைப்பையிலிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று வருடம், வருடத்துக்கு அறுபது எழுபது டன். எத்தனை ரூபாய் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. விறகுக்காரருக்கு நான் எப்போது பணம் கொடுத்தேன்? பெண் வீட்டார் எனக்குக் கொடுத்த பிறகு. பெண் வீட்டார் மொய்ப் பணம் எண்ணி முடித்து, நகைக்கடைப் பாக்கியைத் தீர்த்து, மண்டபக்காரருக்குக் கொடுத்து, கடைசியில்தான் சமையல்காரரிடம் வருவார்கள். இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் விறகுக்காரர் கூலி கொடுக்காமல் ஓட்டினார். ஒருவேளை வசதியிருந்தும் கொடுத்திருக்கமாட்டார். ஆனாலும் பணம் இன்னும் வரவில்லை என்று சொல்லும் வசதியை அவருக்கு நான்தான் செய்து கொடுத்தேன்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், வேறு எதற்கோ எங்கள் அட்வான்ஸ் நோட்டைப் புரட்டினேன். எழுதுவதற்குக் கடினமான இடம் இதுதான்.

எங்கள் தொழிலின் கடன் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. மார்கழியில் இல்லவே இல்லை. பரிமாறுகிறவர்களும் காய் நறுக்குகிறவர்களும் பாத்திரம் தேய்க்கிறவர்களும் அந்த மாதங்களில் அட்வான்ஸ் கேட்டு வருவார்கள், ஆவணியிலும் தையிலும் உழைத்துக் கழிப்பார்கள். மாமனார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். இதைத் தர்மம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். வட்டி வாங்கியதில்லை. யாரையும் அதட்டியதில்லை.

நோட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அம்மாவின் பக்கம். கணவர் இல்லாதவர், பதினொரு வருடமாக எங்களோடு இருப்பவர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பதினெட்டாயிரம் வாங்கியிருந்தார். வெளி ஆட்களுக்குப் பாத்திரத்துக்கு நாள் கூலி நானூற்றைம்பது என்று கொடுத்த காலத்தில் அவருக்கு நானூறு என்று எழுதியிருந்தது என் கையெழுத்தில். நம் ஆள்தானே, கடன் வேறு இருக்கிறது என்று ஐம்பதைக் குறைத்திருக்கிறேன். அது கடனிலும் கழியவில்லை. வட்டி வாங்கியதில்லை என்று மேலே எழுதினேனே, அந்த ஐம்பது ரூபாய்க்கு வேறு என்ன பெயர்? ஒருமுறை சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாகவும், பி.எஃப். உண்டு என்றும், போகலாமா என்றும் அவர் என்னிடம் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. நான் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தது. "கணக்கை முடித்துவிட்டுப் போ."

கணக்கு. அந்த இரவு அந்த மனிதன் சொன்ன அதே சொல். முன்பணம் வாங்கியதால் ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தார், சந்தைக் கூலியைவிடக் குறைவாக வாங்கினார். சட்டத்தின் நான்கில் இரண்டு என் சமையல்கட்டில் இருந்தன. அவருக்குச் சொந்த வீடு உண்டு, ஆதார் அவரிடமே இருந்தது, நல்லது கெட்டதுக்கு நாங்கள் போய் நிற்போம் என்றெல்லாம் மனம் வாதாடிப் பார்த்தது. அந்த விறகு வண்டிக் குடும்பத்தின் துன்பத்தோடு இதை ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் விதை ஒன்றுதான். கடனும் வேலையும் ஒரே நோட்டில் எழுதப்பட்டு, அந்த நோட்டு கடன் கொடுத்தவர் கையில் மட்டும் இருப்பது.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். பாக்கி எதுவும் இல்லை, குறைத்த கூலியையும் கணக்குப் பார்த்துத் தருகிறேன், நீங்கள் எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் போகலாம் என்றேன். தான் ஏதோ தவறு செய்துவிட்டதால் நிறுத்துகிறேன் என்று நினைத்து அவர் பயந்துபோனார். புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அந்தத் தொழிற்சாலையில் விசாரித்தார். அவருடைய வயதுக்காரர்களை அவர்கள் எடுக்கவில்லை. முன்பு கேட்டபோது போயிருந்தால் எடுத்திருப்பார்கள். இன்றும் எங்களிடம்தான் வேலை செய்கிறார். அவருடைய அந்த வருடத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்துகொண்ட மாற்றங்களைச் சொல்கிறேன். கடன் நோட்டைக் கூலி நோட்டிலிருந்து பிரித்தோம். வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். பதினைந்து நாள் கூலிக்கு மேல் அட்வான்ஸ் இல்லை. வேலையை விட்டுப் போகிறவரிடம் பணத்தைக் காட்டித் தடுப்பதில்லை, கொடுக்க முடிந்தபோது கொடுக்கட்டும். இந்த விதியைச் சொன்னபோது என் கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவருடைய பயமும் நியாயமானதுதான். ஒரு நல்ல சமையல்காரர் பன்னிரண்டாயிரம் பாக்கியோடு ஒரு தை மாதம் நடுவில் வேறொருவரிடம் போய்விட்டார். அந்த மாதம் நாங்கள் பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும். அவரைத் தேடிப் போகவில்லை. அடுத்த வருடம் அதில் எட்டாயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனால் விதியை எழுதிவிட்டால் ஆடி மாதத்துப் பசி தீர்ந்துவிடாது. அட்வான்ஸ் கிடைக்காவிட்டால் அவர்கள் கந்துவட்டிக்காரரிடம் போவார்கள், அது இதைவிட மோசம். அதனால் வேலை இல்லாத மாதங்களுக்கு வேலையை உண்டாக்கினோம். ஆடியில் வெயில் கொஞ்சம் இருக்கும்போது வடாம், வற்றல். புரட்டாசியில் சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி. மார்கழியில் ஊறுகாய், பொங்கல் வரிசைக்கான அதிரசம். பெரிய லாபம் ஒன்றுமில்லை. இரண்டு வருடம் நட்டம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அட்வான்ஸ் கேட்டு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். மற்ற எல்லா மாற்றங்களையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கொத்தடிமை முறையைப் பற்றிப் பேசுகிற இடங்களில் வடாத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஏஜென்ட் மூலம் வரும் வடமாநிலப் பையன்கள் விஷயத்தில் இரண்டே கேள்விகள்: ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது, கூலி யார் கையில் போகிறது. ஒரு ஏஜென்ட் அட்டைகளை "பத்திரமாக" வைத்திருப்பதாகச் சொன்னார். அன்றோடு அவரை நிறுத்தினோம். கூலியை இப்போது ஒவ்வொருவர் கணக்கிலும் நாங்களே போடுகிறோம், ஏஜென்டுக்கு அவருடைய கமிஷன் தனியாக. தண்ணீர் ஊற்றவும் இலை எடுக்கவும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வழக்கம் எங்கள் பக்கம் நெடுநாள் இருந்தது. ஹோட்டல்களிலும் டீக்கடைகளிலும் 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2006 அக்டோபரிலேயே தடை வந்துவிட்டது, 2016 இன் திருத்தம், குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, எல்லாத் தொழிலுக்கும் அதை விரித்தது. நாங்கள் பதினெட்டு என்று வைத்துக்கொண்டோம், வாதமே வேண்டாம் என்று.

சீர் வரிசைக்கு முறுக்கு வெளியே வாங்கிக்கொண்டிருந்தோம். மதுரை, தேனிப் பக்கத்துச் சிறுவர்களை முன்பணம் கொடுத்து வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப்போய் அடைத்துவைத்து வேலை வாங்கிய செய்திகள் பல வருடங்களாக வருகின்றன. நாங்கள் வாங்கியது உள்ளூரில்தான், சுடுகிறவர்களை எனக்குத் தெரியும். மேசை விரிப்புத் துணியின் நூல் எந்த மில்லிலிருந்து வருகிறது என்று கேட்டேன். கடைக்காரருக்கே தெரியவில்லை. மூன்று வருடம் முடிந்தால் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண் பிள்ளைகளை விடுதியில் அடைத்துவைத்த "சுமங்கலி" மில்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரியும். அவ்வளவு தூரம் என் கை எட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

விறகுக்காரரிடம் கடைசியில் நேராகவே கேட்டேன். வெட்டுகிற இடத்தைப் பார்க்க வேண்டும், ஆட்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். சிரித்தார். பிறகு கோபப்பட்டார். அதன்பின் என் போனை எடுக்கவில்லை. இதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன், என்னைப்போல் சிறு தொழில் செய்கிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் முதலாளியிடம் முதலில் கேட்கக் கூடாது. கேட்ட அன்று இரவே ஆட்களை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். எழுத்தில் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். நேரில் போய் விசாரிக்கவும் விடுவிக்கவும் அவர்களுக்குத்தான் அதிகாரம் உண்டு. குழந்தைகள் இருந்தால் 1098. மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்றிதழ் வந்ததா என்பதை விடாமல் கேட்க வேண்டும், அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பழைய கடன் மறுபடி வாசலில் வந்து நிற்கும். 2016 இன் மத்தியத் திட்டப்படி மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு 3 லட்சம். ஆனால் உடனடி உதவியாகக் கொடுக்கும் சில ஆயிரங்கள் போக மீதி, பெரும்பாலும் வழக்கில் தண்டனை உறுதியானால்தான். வழக்கு எத்தனை வருடம் நடக்கும் என்று நமக்குத் தெரியாததா? அந்த இடைவெளியில்தான் பலர் திரும்பவும் முன்பணம் வாங்குகிறார்கள். இந்த நிபந்தனையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் மனு எழுதிக் கொடுத்தபோது அந்த இடத்தில் வெட்டு முடிந்து, தரை காலியாகக் கிடந்தது. அந்தக் கணவன், மனைவி, பையன், ஆயா எங்கே போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுக்கு இப்போது வாக்களிக்கும் வயது நெருங்கியிருக்கும்.

இப்போது விறகு வாங்குவது வேறொருவரிடம். தோப்பு அவருடையதே. வெட்டுகிறவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகிறவர்கள். நான் போகும்போதெல்லாம் யாராவது ஒருவரிடம், நாளைக்கு எங்கள் வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்பேன். வருகிறேன் என்றும் சொல்வார்கள், நாத்தனார் வீட்டில் விசேஷம், முடியாது என்றும் சொல்வார்கள். பதிலைச் சொல்லுமுன் வேறு யார் முகத்தையாவது பார்க்கிறார்களா என்பதைத்தான் கவனிப்பேன். டன்னுக்கு ஐந்நூறு கூடுதல். இலைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை அது. பணம் இறக்கிய அன்றே கொடுத்துவிடுகிறேன். அதற்காகக் கல்யாண வீட்டாரிடம் முன்தொகையை உயர்த்தினேன், இரண்டு ஆர்டர்கள் போயின.

மிச்சமிருப்பது அரிசி. நாங்கள் அதிகம் செலவழிக்கும் பொருள் அதுதான். ஆரணிப் பக்கத்து ஆலை ஒன்றில் பதினைந்து வருடமாக வாங்குகிறோம், நல்ல புழுங்கலரிசி, பேச்சு மாறாத மனிதர். நெல் அவித்துக் களத்தில் உலர்த்தும் வேலைக்குக் குடும்பங்களை முன்பணம் கொடுத்துக் கொண்டுவந்து தங்கவைப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். வடமாவட்டங்களின் ஆலைகளிலிருந்து பலமுறை ஆட்களை மீட்டிருக்கிறார்கள். போன வாரம் அங்கே போனேன். களத்தைக் காட்டினார், பாய்லரைக் காட்டினார், காபி வாங்கிக் கொடுத்தார். பின்னால் இருக்கும் குடியிருப்பு வரிசையைப் பார்க்கலாமா என்றேன். இன்று வேண்டாம், ஆட்கள் தூங்குகிற நேரம் என்றார். மணி காலை பதினொன்று. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது இன்னொன்றையும் பார்த்தேன். குடியிருப்புப் பக்கம் போகும் இரும்புக் கதவுக்கு வெளிப்புறம் பூட்டு தொங்கியது. பூட்டியிருந்ததா, சும்மா மாட்டியிருந்ததா என்று அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை. இந்தமுறை அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனுவை எழுதினேன். திங்கட்கிழமை காலை கொண்டுபோகிறேன்.